கப்பல் பஸ்ஸில் கடைசி சீட்டு

இங்க உக்காந்துக்கலாமா தம்பி? யாரும் வரலையே? சரி. பையை நான் மடியிலயே வச்சுக்கிறேன், மேல வைக்க வேணாம். உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல. பொதுவா நான் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்புறதில்ல, அதான். இது பாலம் தாண்டி நம்ம பக்கத்து ஜேபி கஸ்டம் போயி, அப்புறம் லார்க்கின் பஸ் ஸ்டாண்டு போற பஸ்ஸுதானே? டிரைவரைக் கேட்டேன், தலையாட்டினான். எதுக்குத் தலையாட்டினான்னு யாருக்குத் தெரியும். போர்டுலயும் லார்க்கின்னுதான் போட்டிருக்கு. இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. ஆங், போதும்.

நீங்க சிங்கப்பூர்ல வேலையா? தெனமும் போயி வர்றீங்களா? பாத்தாலே தெரியுது, கண்ணு செவந்து கெடக்கு. எங்க அக்காவும் இப்படித்தான் இருப்பாங்க. முப்பது வருஷத்துக்கு மேல பேக்டரி பஸ்ல போயி வந்தாங்க. விடியறதுக்கு முந்தி போவாங்க, ஓவர்டைம் முடிச்சு இருட்டினப்புறம் வருவாங்க. அவங்க விஷயமாத்தான் இப்ப நான் போயிட்டு வர்றேன். பாருங்க, வெளிய ஒரு காடியும் நவுரல. சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸ்ல முத்திரை குத்தி வெளிய விட்டாச்சு, அந்தப் பக்கம் இன்னும் உள்ள எடுக்கல, நடுப் பாலத்துல நிக்கிறோம். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா கேட்டுட்டு ஒரு நியாயம் மட்டும் சொல்லிடுங்க.

எங்க வீடு செனாய்ல, குடியிருப்புல வரிசையா கட்டின தாமான் வீடு. நான், என் வொய்ப் புஷ்பராணி, பையன் முகிலன், அப்புறம் அக்கா. அக்கா பேரு காந்திமதி. கல்யாணம் கட்டிக்கல. நான்தான் வச்சுப் பாத்துக்கிறேன். இந்தக் காலத்துல எத்தன தம்பி அக்காவை வச்சுப் பாத்துக்கிறான் சொல்லுங்க. வீடு அவங்க பேருலதான் இருக்கு. அது சிங்கப்பூர் சம்பளம்னா பேங்க்ல லோன் சுலபமா குடுப்பான்னு அப்படிப் போட்டது. மத்தபடி குடும்பத்துக்குத் தலைவன் நான்தான். வேலையா? இப்ப ஒரு இடத்துல பேசிக்கிட்டு இருக்கேன். நமக்கு ஏத்த மாதிரி வரணும்ல.

எல்லாம் சப்பாத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சது. ரிட்டையர் ஆகி வீட்ல இருக்கிற பொம்பளை, காலையில பசியாற செஞ்சு வச்சு, துணி தொவச்சுப் போட்டு, மத்தியானம் சமைச்சு, சாயந்தரம் கோயிலுக்குப் போயி வருவாங்க. அவ்வளவுதான் அவங்க நாளு. திடீர்னு ஒருநாள் வெள்ளையா ஒரு ஸ்போர்ட்ஸ் சப்பாத்து வாங்கிட்டு வந்தாங்க. சாயந்தரம் ஆனா அதை மாட்டிக்கிட்டு பாடாங் மைதானத்தைச் சுத்திச் சுத்தி நடக்குறாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன். கால் பழகணும்டாங்கிறாங்க. எதுக்குப் பழகணும்? அதைச் சொல்லல.

அப்புறம் முடிக்கு மை போட்டாங்க. அதுவும் கடையில போயி. புஷ்பா ராத்திரி என்கிட்ட, இது நல்லதுக்கு இல்லைங்க, இந்த வயசுல ஒரு பொம்பளை முடிக்கு மை போடுறாங்கன்னா பாக்குறதுக்கு ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம்னா. அவ போடுறாளேன்னு கேக்கலாம். அவளுக்கு நான் இருக்கேன்.

அடுத்த வாரம்தான் விஷயமே வெளிய வந்துச்சு. அக்கா அடுப்புல மீன் பொரிச்சுக்கிட்டே போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறாங்க. புஷ்பா பின்பக்கம் துணி எடுத்துக்கிட்டு இருந்தவ காதுல விழுந்திருக்கு. அந்தப் பக்கம் யாரோ ஏஜென்ட் பொண்ணு பேசுது: ஆண்டி, ரெண்டு பேர் காசு கட்டிட்டீங்க, பால்கனி வச்ச ரூமு உங்களுக்குப் போட்டாச்சு, செனாய்லயே ஷட்டில் பஸ் வந்து ஏத்திக்கும், சிங்கப்பூர்ல கப்பல் துறையிலயே எறக்கி விட்டுரும். ரெண்டு பேர். பால்கனி. நீங்களே நெனைச்சுப் பாருங்க.

அன்னிக்கி சாப்பாட்டுல நான் ஒண்ணும் தெரியாத மாதிரிதான் உக்காந்திருந்தேன். அக்காவே சொன்னாங்க. "அடுத்த வாரம் நான் கப்பல்ல போறேன் ஜெகா. லங்காவி, புக்கெட்டுன்னு போயிட்டு வரும்." யாரோட போறீங்கன்னு கேட்டேன். "யாரோடயும் இல்லடா, நான் மட்டும்தான்"னு சொல்லிட்டு எனக்கு இன்னொரு மீன் வச்சாங்க. எப்படி இருக்கு பாருங்க. நான் என்ன காதுல பூ வச்சுக்கிட்டா உக்காந்திருக்கேன்? ரெண்டு பேர் ரூமைப் போட்டுட்டு நான் மட்டும்தான்னு முகத்துக்கு நேரா சொல்றாங்க. முகத்துல ஒரு மாத்தம் இல்ல. அதுதான் எனக்குப் பயமே.

எனக்கு ஆள் யாருன்னு உடனே தெரிஞ்சு போச்சு. நடேசன்.

நடேசன் யாருன்னு சொல்லணும்ல. அக்கா போன பேக்டரி பஸ்ஸை ஓட்டினவரு. அப்பா செத்து, அக்கா வேலைக்குப் போக ஆரம்பிச்சு ஒரு பத்து வருஷம் இருக்கும், அந்த ஆளு ஒருநாள் பழம், பூவெல்லாம் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு அவங்க அண்ணனோட வீட்டுக்கு வந்துட்டாரு. பொண்ணு கேட்டு. அப்ப நான் சின்ன வயசுதான், ஆனா வீட்ல ஆம்பளைன்னு நான்தானே. அம்மா என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் யோசிச்சேன். பஸ் ஓட்டுறவரு. நம்ம ஆளுங்களும் இல்ல. அதோட நான் அப்பதான் காலேஜ் சேந்திருந்தேன், பணம் கட்டணும், அக்கா இல்லாம எப்படி? தம்பி படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாப்போம்னு சொல்லி அனுப்பிட்டோம். தட்டைக்கூட திருப்பிக் குடுத்துட்டோம். எல்லாம் அக்கா நல்லதுக்குத்தான். அக்காவும் ஒரு வார்த்தை பேசல. மறுநாள் அதே ஆளோட பஸ்ல ஏறி வேலைக்குப் போனாங்க. அவங்களுக்கு இஷ்டம் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?

நான் காலேஜை முடிக்கல, அது வேற கதை.

அப்ப, அந்த ஆளுக்கும் இப்ப வயசாயிருக்கும், பொண்டாட்டி இருந்தா போயிருக்கும், பழசை நெனைச்சுக்கிட்டுக் கூப்பிட்டிருப்பாரு. வாங்க கப்பல்ல போவோம்னு. போயி அப்படியே எங்கயாச்சும் தாலி கட்டிக்கிட்டா? வீடு அக்கா பேருல இருக்கு தம்பி. அதுக்காகச் சொல்லல. மானம்னு ஒண்ணு இருக்குல்ல. முகிலன் நாளைக்கி தலை நிமிந்து நடக்க வேணாமா?

அதனாலதான் நானும் அந்த ஷட்டில் பஸ்ல ஒரு சீட்டு போட்டேன். கப்பல் டிக்கெட் இல்லாம பஸ் மட்டும் எதுக்குன்னு ஏஜென்ட் பொண்ணு கேட்டுச்சு. சொந்தக்காரங்களை வழியனுப்பன்னு சொன்னேன். பொய் இல்லையே. ஆமா, செனாய்ல ஏறுற காந்திமதி ஆண்டியோட வர்றது யாருன்னு நைசா கேட்டேன். மத்தவங்க விஷயம் சொல்ல மாட்டோம் அங்கிள்னு போனை வச்சிருச்சு. ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? சொல்ல மாட்டோம்னா என்னா அர்த்தம்?

அக்காகிட்ட, குளுவாங்ல ஒரு கூட்டாளி வீட்டுக் கிரகப்பிரவேசம்னு சொன்னேன். நேத்தே சட்டையைத் தேய்ச்சு மாட்டி வச்சிட்டாங்க. அதுமட்டும் இல்ல, ஒரு வாரத்துக்கு ஆகுற மாதிரி கறி, சம்பல், ரசம்னு செஞ்சு டப்பா டப்பாவா பிரிஜ்ல அடுக்கி வச்சிருந்தாங்க. மனசுல குத்தம் இல்லாதவங்க எதுக்கு இவ்வளவு செய்யணும்? புஷ்பாகிட்ட சொன்னேன், அவளும் ஆமான்னா.

பஸ்ஸு கூலாய்ல கெளம்புது. செனாய்ல அக்கா ஏறுறதுக்கு முந்தியே கூலாய்ல போயி ஏறி, கடைசி சீட்டுல மூலையில உக்காந்துக்கிட்டேன். மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, முகிலனோட தொப்பி. யாரும் கண்டுபிடிக்க முடியாது. செனாய்ல அக்கா ஏறினாங்க. தனியாத்தான் ஏறினாங்க. நான் சிரிச்சுக்கிட்டேன். ஒரே எடத்துல ஏறுவாங்களா? அந்த அளவுக்கு வெவரம் இல்லாதவங்க இல்ல எங்க அக்கா. வெள்ளைச் சப்பாத்து, நீலக் கலர்ல ஒரு பேண்ட், மேல பூப்போட்ட சட்டை. பேண்ட் போட்டு நான் அவங்களைப் பாத்தது பேக்டரி யூனிபார்ம்ல மட்டும்தான். டிரைவருக்குப் பின்னால ஜன்னல் ஓரம் உக்காந்தாங்க. பக்கத்துச் சீட்டு காலி. எனக்கு அந்தக் காலிச் சீட்டு மேலேயே கண்ணு.

ஸ்கூடாய்ல ஒரு சீனக் கெழவரு ஏறினாரு, கழுத்துல தலகாணி மாட்டிக்கிட்டு. அக்காவைப் பாத்து குட்மார்னிங்னாரு. எனக்குத் திக்குன்னுச்சு. ஆனா அவரு முன்னால போயி உக்காந்துட்டாரு. அப்புறம் ஒரு மீசைக்காரன், நம்ம ஆளு, ஜேபி டவுன்ல ஏறினான். நேரா வந்து அந்தக் காலிச் சீட்டுல தொப்புனு உக்காந்தான். உக்காந்த உடனே அக்காவோட பேச ஆரம்பிச்சுட்டான். அக்கா சிரிக்கிறாங்க. சிரிக்கிறாங்க தம்பி. வீட்ல நாங்க டிவி பாத்துச் சிரிச்சாக்கூட அவங்க சிரிக்க மாட்டாங்க. புஷ்பா போன் மேல போன், ஆள் வந்தானா ஆள் வந்தானான்னு. மெல்லமா சொன்னேன், வந்துட்டான், ஆனா நடேசன் இல்ல, வேற ஆளுன்னு. ஐயோ ரெண்டு பேரா அப்படின்னா.

ஜேபி கஸ்டம்ல எல்லாரும் எறங்கணும், உங்களுக்குத் தெரியாதது இல்ல. பொட்டி சட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மேல ஏறி, முத்திரை வாங்கிக்கிட்டு, கீழ எறங்கி மறுபடியும் பஸ்ஸு. அந்த மீசைக்காரன் என்னா செஞ்சான் தெரியுமா, அக்கா பொட்டியைத் தூக்கிக்கிட்டான். அக்காவும் குடுத்துட்டாங்க. நான் பின்னாலயே போனேன். அவன் டாய்லட்டுக்குப் போனா நானும் போனேன். கை கழுவுற எடத்துல அவனே திரும்பி, "என்னா பிரதர், பின்னாலயே வர்றீங்க, எதாச்சும் வேணுமா?"ன்னான். நீங்க முன்னால போறீங்கன்னு சொன்னேன். வெளிய வந்தா அவன் பொண்டாட்டி நிக்குது, ரெண்டு பிள்ளைங்களோட. அவங்களும் இதே பஸ்தானாம், எடம் இல்லாம பிரிஞ்சு உக்காந்திருக்காங்களாம். அந்தப் பொம்பளை என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. சரி, இவன் இல்லேன்னு முடிவு பண்ணேன். முழுசா இல்ல. பாதி.

அப்புறம் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ். டிரைவர் கத்திச் சொன்னான், சீக்கிரம் முடிச்சுட்டுக் கீழ வாங்க, ரொம்ப நேரம் நிக்க விட மாட்டான், கப்பலும் நமக்காக நிக்காதுன்னு. எல்லாரும் விறுவிறுன்னு போறாங்க. அக்கா எல்லாருக்கும் முந்தி போறாங்க. எந்த வரிசை சீக்கிரம் நவுரும், எந்தப் படியில கூட்டம் கம்மின்னு கண்ணை மூடிக்கிட்டுப் போவாங்க போல. நானும் போயி பாஸ்போர்ட்டை மெஷின்ல வச்சேன். செவப்பு லைட்டு. எடுத்துத் தொடச்சுட்டு வச்சேன். மறுபடியும் செவப்பு. பின்னால நிக்கிறவன் உச்சுக் கொட்டுறான். ஒரு மலாய்க்காரப் பொண்ணு, ஆபீசர், வந்து அரைவல் கார்டு போட்டீங்களான்னு கேட்டுச்சு. இப்ப அதையெல்லாம் முன்கூட்டியே போன்லயே போடணுமாம். நான் கடைசியா சிங்கப்பூர் போனப்ப விமானத்துல குடுக்குற மாதிரி வெள்ளைச் சீட்டு ஒண்ணு குடுப்பான், அதை அக்காதான் எழுதிக் குடுப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்? ஓரமா நின்னு போட்டுட்டு வாங்கன்னு தள்ளி விட்டுருச்சு. கண்ணாடியைக் கழட்டிட்டு போனைத் தட்டுறேன், எல்லாம் பொடி எழுத்து, ஒண்ணும் புரியல.

அப்ப போன் அடிச்சுது. அவ்வளவு பெரிய ஹால்ல, எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரி. பாத்தா, அக்கா.

எடுத்தேன். "ஜெகா, மொதல்ல மாஸ்க்கைக் கழட்டு. உனக்கு மூச்சு வாங்கும்." நிமிந்து பாக்குறேன், அந்தப் பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால நிக்கிறாங்க, பொட்டியோட. செனாய்ல ஏறினப்பவே பாத்துட்டாங்களாம். தொப்பி அவங்க முகிலனுக்கு வாங்கிக் குடுத்தது. "உன் இருமல் எனக்குத் தெரியாதாடா"ன்னாங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உக்காந்து வந்திருக்காங்க. இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புறது?

அங்கயே நின்னுக்கிட்டு அவங்க போன்ல எனக்குக் கார்டைப் போட ஆரம்பிச்சாங்க. என் பாஸ்போர்ட் நம்பரு, அது முடியற தேதி, பொறந்த தேதி, எதுவுமே கேக்கல. எல்லாம் மனப்பாடமா வச்சிருக்காங்க. என் நம்பரெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? போன வருஷம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சுக் குடுத்தது அவங்கதான், அது சரி, ஆனா மனப்பாடம் பண்ணணுமா? ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "எத்தன நாளுன்னு போடட்டும்?" இன்னிக்கே திரும்பிடுவேன்னு சொன்னேன். அப்புறம்தான் எனக்கே தோணுச்சு, இதுக்கு நான் எதுக்குப் பதில் சொன்னேன்னு.

அந்த மீசைக்காரன் ஓடி வந்து, "ஆண்டி, டிரைவர் கெளம்புறேங்கிறான், வாங்க"ன்னு கூப்பிட்டான். "தம்பி வரட்டும்"னாங்க. மறுபடியும் மெஷின்ல வச்சேன், பச்சை. உள்ள போனேன். இப்ப ஒண்ணு சொல்றேன், நீங்க என்னைத் தப்பா நெனைச்சாலும் சரி. பஸ் போயிருச்சுன்னா கப்பல் போயிரும், கப்பல் போயிருச்சுன்னா அக்கா என்னோட வீட்டுக்கு வந்திருவாங்கன்னு எனக்கு ஒரு யோசனை. அதனால கொஞ்சம் மெதுவாத்தான் நடந்தேன். கால் வலியும் இருந்துச்சு. டாய்லட் போவணும்னேன். போயிட்டு வா, வழியில நிறுத்த மாட்டான்னாங்க. போயிட்டு வந்து சப்பாத்துக் கயிறைக் கட்டினேன். அக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அமைதியா சொன்னாங்க. "ஜெகா, இந்த பஸ் போனா நான் டாக்சி புடிப்பேன். கப்பல் போனா அடுத்த கப்பல்ல போவேன்."

நான் கயிறை விட்டுட்டு எந்திரிச்சு நடந்தேன்.

பஸ்ஸுல அந்த மீசைக்காரன் எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்துட்டு, பின்னால என் சீட்டுல போயி உக்காந்துக்கிட்டான். அக்கா பக்கத்துல உக்காந்தேன். பையிலேர்ந்து நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தை எடுத்து என் கையில வச்சாங்க. அவங்களுக்குக் கட்டினது. பசி, சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கிட்டே நேரா கேட்டுட்டேன். "நடேசன் எங்க ஏறுறாரு?"

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "நடேசன் செத்து நாலு வருஷம் ஆச்சுடா. கொரோனா முடியற நேரம். கடைசி வரைக்கும் அவரு கட்டிக்கல." உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். "காரியத்துக்குப் போனேன். உங்ககிட்ட கோயிலுக்குன்னு சொன்னேன்"னாங்க. பாத்தீங்களா, பொய் சொல்லியிருக்காங்க. அந்த நாளு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கிச் சோறு ரொம்ப லேட்டா வந்துச்சு. நான் சத்தம்கூட போட்டேன். சுடச்சுட தோசை ஊத்திக் குடுத்தாங்க.

சரி, நடேசன் இல்ல. அப்ப யாரு? ரெண்டு பேர் காசு கட்டினீங்களேன்னு கேட்டேன். புஷ்பா கேட்டதைச் சொன்னேன். அக்கா சிரிச்சாங்க. தனியா போறவங்ககிட்ட கப்பல்காரன் அப்படித்தான் வாங்குவானாம். ரூமு ரெண்டு பேருக்குன்னே கட்டியிருக்காம், ஒருத்தர் படுத்தாலும் ரெண்டு பேர் காசாம். எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. "அப்ப என்னையோ புஷ்பாவையோ கூட்டிட்டுப் போயிருக்கலாமே, காசு இப்படி வேஸ்ட் ஆகாதே"ன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. சிங்கப்பூர்ல ரோடெல்லாம் மரம், அதைப் பாத்துக்கிட்டே வந்தாங்க. அப்புறம் சொன்னாங்க. "வேஸ்ட் இல்லடா. ரூமுல வேற யாரும் இல்லாம இருக்கிறதுக்குத்தான் அந்தக் காசு."

என்னா பேச்சு இது? வீட்ல அவங்களுக்குத் தனி ரூம் இருக்கு. முகிலன் கம்ப்யூட்டரும் துணி தேய்க்கிற மேசையும் அங்க இருக்கு, அது வேற எங்க வைக்கிறது, ஆனா ரூமு அவங்களுதுதான்.

எதுக்குக்கா கப்பல்னு கேட்டேன். இத்தன வருஷம் இந்தப் பாலத்துல போயி வந்தாங்களாம். போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு. லீவு நாள்ல தூங்குவாங்க. கீழ தண்ணி இருக்குன்னு தெரியுமாம், பாத்ததே இல்லையாம். இதுக்கு இவ்வளவு செலவா? தண்ணி பாக்கணும்னா டேசாரு பீச் இருக்கு, காடியில போனா ஒண்ணரை மணி நேரம். நான் கூட்டிட்டுப் போக மாட்டேனான்னு கேட்டேன். அக்கா அதுக்கு, "கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பே ஜெகா. கேட்டுக்கிட்டே இருக்கறது எனக்கு அலுத்துப் போச்சு"ன்னாங்க. கோவமா சொல்லல. அதான் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. கோவமா சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

கப்பல் துறையில எறங்கினோம். அப்பாடி, கப்பலா அது, எங்க தாமானையே தூக்கி உள்ள வைக்கலாம். அக்கா அவங்களோட பஸ் கார்டை எடுத்துக் குடுத்து, எந்த எடத்துல எந்த பஸ்ஸைப் புடிக்கணும், எங்க மாறணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. இப்ப நான் தட்டினது அந்தக் கார்டுதான். எப்ப வருவீங்கன்னு கேட்டேன். கப்பல் வர்றப்பன்னாங்க. "வந்து வீட்டுக்குத்தானே?" அப்படின்னு ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல, வாய் தவறி வந்துருச்சு. அக்கா என் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டாங்க. "சோறு ஆக்கப் பழகிக்கங்க ரெண்டு பேரும்"னாங்க. இது பதிலா தம்பி? நான் கேட்டதுக்கு இது பதிலா?

பொட்டியை இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் திரும்பிப் போயிட்டேன்னு நெனைச்சிருப்பாங்க. நான் விடல. உள்ள போற வரைக்கும் தடுப்புக் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரிசையில ஒருத்தன் வந்து சேருவான்னு பாத்தேன். கவுண்டர்கிட்ட ஒருத்தன் காத்திருப்பான்னு பாத்தேன். ஒரு எடத்துல பெரிய கப்பல் படத்துக்கு முன்னால எல்லாரையும் நிக்க வச்சுப் படம் புடிக்கிறாங்க. ஜோடி ஜோடியா நிக்கிறாங்க. அக்கா முறை வந்துச்சு. படம் புடிக்கிறவன் பின்னால எட்டிப் பாத்துட்டு, கூட யாருன்னு கையைக் காட்டிக் கேக்குறான். அக்கா ஒரு விரலைக் காட்டினாங்க. இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் பொறந்ததுலேர்ந்து அவங்களை அப்படி நின்னு பாத்ததே இல்ல. அப்புறம் எஸ்கலேட்டர்ல ஏறிப் போயிட்டாங்க. திரும்பிப் பாக்கல. ஒருத்தனும் வரல.

புஷ்பாகிட்ட இன்னும் சொல்லல. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, பாருங்க. என்னான்னு சொல்றது?

நீங்களே சொல்லுங்க தம்பி, நியாயம் கேட்டேன்ல. என்னா சொல்றீங்க? தனியாத்தான் போயிருப்பாங்கன்னா? அப்படிச் சொல்லாதீங்க. ஒருத்தன் இருந்தா எனக்குச் சுலபம். அவன் வீட்டு வாசல்ல போயி நிப்பேன், எங்க அக்காவை ஏமாத்திட்டான்னு நாலு பேருக்குச் சொல்லுவேன், சண்டை போட்டுக் கூட்டிக்கிட்டு வந்துருவேன். எவனுமே இல்லேன்னா என்னா ஆவுது? எவனோடயோ போயிட்டாங்கன்னு இல்ல, எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஆவுது. என்னை விட்டுட்டு. தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறக்க முடியுமா? முடியாதா, சரி.

இல்ல, இருப்பான். முன்னாடியே போயி கப்பலுக்குள்ள உக்காந்திருப்பான். அவ்வளவு பெரிய கப்பல்ல எனக்கு எங்க தெரியப் போவுது? இருக்கணும் தம்பி. யாராச்சும் ஒருத்தன் இருக்கணும்.